மண்ணைக் கேட்டு மனை கோலுதல்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சுவரை எதன்மேல் வைப்பது என்பது அதற்கும் முந்திய வினா. ஒரு கட்டடத்தைக் காண்போர் அதன் மாடத்தைப் புகழ்வர், வாயிலைப் புகழ்வர், தூண்களின் வேலைப்பாட்டைப் புகழ்வர். மண்ணுக்குள் மறைந்து நிற்கும் கடைக்காலைப் புகழ்வார் அரியர். அக்கடைக்காலையும் தாங்கிக்கொண்டு அதற்கும் கீழே கிடக்கும் அடிமண்ணை நினைப்பார் அவரினும் அரியர். ஆயினும் கட்டடத்தின் வாழ்நாளை முதலில் அறுதியிடுவது அந்த அடிமண்ணே. மனிதன் அம்மண்ணை எவ்வாறு வினவக் கற்றான், அது தந்த விடைகளை எவ்வாறு புரிந்துகொண்டான் என்னும் வரலாற்றையே இங்கே கூற விரும்புகிறேன்.

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி என்னும் சிற்றூர் இருக்கிறது. காட்டையும் அருவியையும், 1967-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற உயிரியல் பூங்காவையும் காணப் பலர் அங்குச் செல்கின்றனர். மாணவர்கள் அங்கே காணத்தக்க இன்னொரு காட்சி காலடியிலேயே உள்ளது. மலையடியில் கருங்கற்பாறை வெளியே தலைநீட்டி நிற்கும். சற்றே கீழிறங்கினால், அப்பாறை வெயிலாலும் மழையாலும் நெடுங்காலம் சிதைந்து முரம்பாக மாறியிருக்கும். அதனையும் கடந்து கணியம்பாடி வழியாக வேலூரை நோக்கிச் செல்கையில் செம்மண் வயல்கள் வரும். ஏரிகளின் உட்புறத்தில் களியும் வண்டலும் படிந்திருக்கும். முடிவில் பாலாற்றை அடைந்தால் மணல். ஒரு முற்பகற் பயணத்திற்குள் பாறை, முரம்பு, செம்மண், களி, மணல் என ஐவகை நிலத்தையும் மிதித்துவிடுகிறோம்.

இவ்வைந்தும் ஒரே பாரத்தைத் தாங்குமா? தாங்கா. முதற்கட்ட மதிப்பீட்டிற்காக இந்தியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்த பழைய அட்டவணை ஒன்று உண்டு. பிளவற்ற கடும்பாறை ஒரு சதுர மீட்டருக்கு 330 டன் பாரம் தாங்கும் என்றும், மிக மென்மையான களி 5 டன்னே தாங்கும் என்றும் அது கூறும். ஒன்றுக்கு மற்றது அறுபத்தாறு மடங்கு! மலையடியில் உறுதியாக நிற்கும் அதே வீட்டை, அதே அளவில், அதே கொத்தனாரைக் கொண்டு ஏரி நிலத்தில் எழுப்பினால் அது வேறொரு வீடு. ஆதலின், எவ்வளவு உயரம் கட்டலாம் என்று கேட்கும் முன், எந்த மண்ணின்மேல் கட்டுகிறோம் என்று கேட்டல் வேண்டும்.

இவ்வினாவை நம் முன்னோர் கேளாமல் இருந்தாரல்லர். மனையைத் தேர்வதற்கு மயமதம் முதலிய சிற்ப நூல்கள் ஒரு சோதனையைக் கூறுகின்றன. மனையின் நடுவில் ஒரு முழ ஆழமுள்ள குழியை வெட்டி, எடுத்த மண்ணையே மீண்டும் அக்குழியில் இட வேண்டும். குழி நிறைந்த பின்னும் மண் எஞ்சினால் அந்நிலம் தலையாயது. சரியாக நிறைந்தால் இடைப்பட்டது. நிறையாமல் குறைந்தால் கடையாயது. மாலையில் குழியில் நீர் நிரப்பி, விடியலில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்க்கும் முறையும் உண்டு.

இவற்றைச் சடங்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் சிறிது எண்ணிப் பாருங்கள். நெருக்கமாக இறுகிக் கிடந்த மண்ணைத் தோண்டினால் அது உதிர்ந்து பருமன் மிகும். மீண்டும் இட்டால் எஞ்சும். உள்ளே இடைவெளி மிகுந்து தளர்ந்து கிடந்த மண்ணோ, திரும்ப இட்டு மிதித்தால் குழிக்குள் அடங்கிப் போகும். எனவே அந்தக் குழி அளந்தது நிலத்தின் செறிவை. இன்று சாலைப் பணியிலும் கட்டடப் பணியிலும் பொறியாளர் சிறு குழி வெட்டி, எடுத்த மண்ணை நிறுத்து, செறிவு தெரிந்த மணலால் குழியை நிரப்பி அதன் கன அளவைக் காண்கின்றனர். கருவி மாறியது, கேட்ட கேள்வி மாறவில்லை. நீர்க்குழிச் சோதனையோ, நீர் எத்துணை விரைவில் மண்ணுள் இறங்குகிறது என்பதைக் காட்டுவது.

முன்னோரின் இவ்வறிவுக்கு ஓங்கிய சான்று காவிரியில் நிற்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கரிகாற் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை, பாறையின்மேல் எழுந்ததன்று. அடி காணாத ஆற்று மணலின்மேல் எழுந்தது. பெருங்கற்களை மணலில் இட, அவை நீரோட்டத்தில் தாமே அமிழும். அவற்றின்மேல் மேலும் கற்களை இட, அவையும் அமிழும். இனி அமிழாது என்னும் நிலை வரும்வரை இவ்வாறு அடுக்கியதாகக் கூறுவர். மணல் எவ்வளவு தாங்கும் என்பதை மணலிடமே கேட்டறிந்த முறை இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காவிரிப் பாசனத்தைச் சீர்செய்ய வந்த ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், ஆழம் காணாத மணலில் கடைக்காலை உறுதிப்படுத்தும் வித்தையை இந்நாட்டு முன்னோரிடமிருந்தே தாம் கற்றதாக வெளிப்படையாக எழுதினார். 1836-ஆம் ஆண்டில் அவர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கியபோது, அதனைச் செங்கற் கிணறுகளின்மேல் நிறுத்தினார். கிணற்றுக் கடைக்கால் என்பது இதுதான்: வளையமாகச் செங்கற் சுவரை எழுப்பி, அதன் உட்புறத்து மணலைத் தோண்டி எடுக்க எடுக்க, சுவர் தன் பாரத்தாலேயே கீழிறங்கும். வேண்டிய ஆழம் சென்றதும் உட்புறத்தை நிரப்பி, அதன்மேல் கட்டடத்தை எழுப்புவர். குடிநீருக்குக் கிணறு இறக்கத் தெரிந்த ஊராருக்கு இவ்வேலை புதிதன்று.

இங்கே ஓர் ஐயம் எழலாம். குழிச் சோதனையும் அனுபவமும் கொண்டே கல்லணை நின்றதாயின், வேலூர்க் கோட்டையின் மதில் அகழி நீரருகே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்பதாயின், புதிய சோதனைகள் எதற்கு? இதற்கு ஒரு வரலாற்று ஆசிரியன் சொல்லத்தக்க விடை ஒன்று உண்டு. நின்றவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. விழுந்தவை மண்ணோடு மண்ணாகி மறைந்துவிட்டன. பழைய கொத்தனார்களின் வெற்றிகளை மட்டும் எண்ணி, அவர்களுடைய தோல்விகளை எண்ணாமல் விட்டால் கணக்குத் தவறும். மேலும், ஒரு முழக் குழி ஒரு முழத்துக்குக் கீழே கிடப்பதைச் சொல்லாது. சிறு வீட்டுக்கு அது பெரும்பாலும் போதும். பெரிய கட்டடத்துக்குப் போதாது. இதனை உலகம் ஒரு பெரும் விபத்தின் வாயிலாகவே கற்றது.

கனடா நாட்டில் வின்னிபெக் நகருக்கு அருகே டிரான்ஸ்கோனா என்னுமிடத்தில் பத்து லட்சம் புஷல் தானியம் கொள்ளும் பெருங்களஞ்சியம் ஒன்றைக் கான்கிரீட்டினால் கட்டினர். கட்டுவதற்குமுன் மண்ணைச் சோதிக்கவும் செய்தனர். வெட்டிய பள்ளத்தின் அடியில் சிறு பரப்பின்மேல் பாரம் ஏற்றிப் பார்த்தனர். மண் நன்கு தாங்கியது. 1913-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று, தானியம் பெரிதும் நிரம்பியிருந்த நிலையில், களஞ்சியம் மண்ணுள் இறங்கத் தொடங்கியது. ஒரு நாளைக்குள் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்து நின்றது. சுவரோ உடையவில்லை. கட்டியவர் வேலையில் குறையில்லை. மண்ணைப் பற்றிய அறிவிலேதான் குறை.

பின்னர் 1951-ஆம் ஆண்டில் அவ்விடத்தில் துளையிட்டு ஆராய்ந்தபோது உண்மை விளங்கியது. மேலே இறுகிய களி. அதற்குக் கீழே மென்களி. சிறு தட்டின்மேல் ஏற்றிய பாரத்தின் அழுத்தம் சிறு ஆழமே செல்லும். மேற்களியை மட்டுமே அது சோதித்தது. பேரளவான களஞ்சியத்தின் அழுத்தமோ ஆழத்திலிருந்த மென்களியையும் எட்டியது. கடைக்காலின் அகலம் பெருகப் பெருக, அதன் பாரம் உணரப்படும் ஆழமும் பெருகும் என்பது இதனால் பெறப்பட்ட பாடம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி ஆற்றுக்கு மட்டுமன்று, மண்ணுக்கும் பொருந்தும்.

தாங்குமா என்பது முதல் வினா. எவ்வளவு தாழும் என்பது இரண்டாவது வினா. இத்தாலியில் பைசா நகரத்துக் கோபுரத்தை அறியாதார் இல்லை. 1173-ஆம் ஆண்டில் அதனைக் கட்டத் தொடங்கினர். மூன்றாம் அடுக்கு எழும்போதே அது சாயலாயிற்று. போர்களாலும் பிற காரணங்களாலும் வேலை பலகாலம் நின்றது. அந்த இடைவெளிகளே கோபுரத்தைக் காத்தன என்று இன்றைய வல்லுநர் கூறுவர். அது எவ்வாறு என்பதை விளக்கியவர் கார்ல் டெர்சாகி.

1883-ஆம் ஆண்டில் பிராக் நகரில் பிறந்த டெர்சாகி, முதல் உலகப் போர்க் காலத்தில் இஸ்தான்புல் நகருக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கே கையில் கிடைத்த எளிய பொருள்களைக் கொண்டு மண்ணைச் சோதிக்கும் கருவிகளைத் தாமே செய்துகொண்டார். அவர் கண்ட உண்மை இது: நீரூறிய களியின்மேல் பாரத்தை ஏற்றினால், முதலில் அப்பாரத்தைத் தாங்குவது மண்துகள்களின் இடையிலுள்ள நீரே. அந்நீர் மிக மெதுவாகக் கசிந்து வெளியேறும். வெளியேற வெளியேறத் துகள்கள் நெருங்கிப் பாரத்தை ஏற்கும். மண் உறுதி பெறும். அதனோடு கட்டடமும் தாழும். மணலில் நீர் விரைவில் வெளியேறுவதால், கட்டி முடிக்கும்போதே தாழ்வும் பெரும்பாலும் முடிந்துவிடும். களியில் அதற்கு ஆண்டுகள் பல ஆகும். பைசாவில் வேலை நின்ற காலத்தில் களி நீரை இழந்து வலுப்பெற்றது. இடைவிடாது கட்டியிருந்தால் கோபுரம் அன்றே கவிழ்ந்திருக்கும். டெர்சாகி 1925-ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். மண் இயக்கவியல் என்னும் தனித்துறை அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

கட்டடம் முழுவதும் ஒரே அளவாகத் தாழ்ந்தால் தீங்கு சிறிது. ஒரு மூலை பாறையிலும் மறு மூலை நிரப்பிய மண்ணிலும் நிற்குமாயின், ஒன்று தாழாது, மற்றொன்று தாழும், சுவர் பிளக்கும். அமிர்தி போன்ற மலையடி ஊர்களில் இது குறிப்பாக நினைக்கத்தக்கது. அங்கே பாறை ஓரிடத்தில் காலடியிலும், சில அடிகள் தள்ளி ஆழத்திலும் கிடக்கக்கூடும். பாறை நிலந்தானே என்று ஒரே ஒரு குழியைப் பார்த்து முடிவு செய்தல் ஆகாது.

இனி இன்று மண்ணை எவ்வாறு வினவுகின்றனர் என்பதைச் சுருங்கக் காண்போம். மனையில் முக்காலி ஒன்றை நாட்டி, நிலத்தில் துளையிடுவர். குறித்த ஆழம் சென்றதும், உள்ளீடற்ற குழாய் ஒன்றைத் துளையின் அடியில் நிறுத்தி, 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் விழச் செய்வர். முதல் 15 சென்டிமீட்டர் இறங்குவதைக் கணக்கில் கொள்ளார். துளையிட்டபோது அந்த மண் குலைந்திருக்கும். அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடிகள் வேண்டியிருந்தன என்பதை எண்ணிக் குறிப்பர். மணலில் பத்து அடிகளுக்குக் குறைந்தால் அது தளர்ந்த மணல். முப்பதுக்கு மேற்பட்டால் செறிந்த மணல். குழாயில் சிக்கிய மண் ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும். களி நிலமாயின், குலையாத மண்மாதிரியையும் தனியே எடுத்து, அதன் வலிமையையும் அது அமுங்கும் அளவையும் காண்பர்.

களியின் இயல்பை அறிய, சுவீடன் நாட்டு அறிஞர் ஆட்டர்பெர்க் 1911-ஆம் ஆண்டில் ஓர் அழகிய வழியைக் காட்டினார். நீர் மிகுந்தால் களி குழம்பாகிறது, குறைந்தால் பிசையத்தக்கதாகிறது, மேலும் குறைந்தால் உதிர்கிறது. இந்நிலைகளுக்கிடையே உள்ள எல்லைகளை அளந்தால் களியின் குணம் புலப்படும். இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஈரக்களியை உள்ளங்கையால் உருட்டி, 3 மில்லிமீட்டர் பருமனுள்ள திரியாக்கி, அது எப்போது வெடிக்கிறது என்று பார்க்கின்றனர். நம் குயவர்கள் விரலால் அறிந்திருந்ததை அவர் எண்ணால் அறியச் செய்தார்.

நம் நாடும் இத்துறைக்குத் தன் பங்கை அளித்துள்ளது. கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நிற்கும் சிறு வீடு ஆண்டுதோறும் தூக்கப்பட்டும் தாழ்த்தப்பட்டும் விரிசல் காண்கிறது. ரூர்க்கியில் 1947-ஆம் ஆண்டில் அமைந்த மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்திற்குக் கீழே பருவ மாறுதலின் ஈரவேறுபாடு பெரிதும் எட்டுவதில்லை. எனவே அவ்வாழம்வரை துளையிட்டு, அடியில் தண்டின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பியிட்டுக் கான்கிரீட் நிரப்பினர். வேரில் கிழங்கு பருத்தாற்போல் அடிபருத்த இத்தூண், மேல்மண் அசைந்தாலும் அசையாது வீட்டைப் பிடித்துக்கொள்ளும். மண்ணின் குணத்தை அறிந்தபின், அதனோடு போரிடாமல் வாழும் வழி இது.

தாங்குமா, எவ்வளவு தாழும் என்னும் இரண்டு வினாக்களோடு மூன்றாவதும் ஒன்று உண்டு. இன்று இருப்பதுபோலவே இந்த மண் என்றும் இருக்குமா என்பதே அது. வேலூர், ஆம்பூர்ப் பகுதியார்க்கு மற்ற இரண்டினும் இதுவே முதன்மையானது.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் அது மேற்கே நீண்டபோது மணலாறுகளைக் கடக்க வேண்டியதாயிற்று. அவற்றுள் ஒன்று பொன்னையாறு. 2021-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின், டிசம்பர் இறுதியில், முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே அவ்வாற்றின்மேல் உள்ள ரயில்பாலத்தின் தூண் பழுதுற்றது கண்டு, ரயில்கள் நிறுத்தப்பட்டன. கொள்ளிடத்து மேலணையிலும் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சரிந்தன. மணல் தன்னிடத்தில் இருக்கும்வரை நன்கு தாங்கும். வெள்ளம் அதனை அரித்தாலும், மனிதர் அள்ளிச் சென்றாலும், தூணைப் பற்றியிருந்த பிடி தளர்ந்துவிடும். கட்டிய நாளில் செய்த சோதனை, மணல் போன பின் செல்லாக் காசு.

நீரும் மண்ணின் குணத்தை மாற்றும். வறண்ட நாளில் கல்லெனக் கிடக்கும் மண், ஊறியபின் சேறாகிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்று, பெருமழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து, நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் மாண்டனர். அந்த வீட்டின் மண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இங்கு என் கருத்தன்று. மழைக்காலத்தில் நம் சுவரும் அதன் அடிமண்ணும் எந்நிலையில் இருக்கும் என்று கோடைக்காலத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

தோல் தொழில் இப்பகுதிக்கு வாழ்வளித்தது; அதன் கழிவுநீர் மண்ணையும் மாற்றியது. தோலைக் கெடாமல் காக்க இடுவது உப்பு. பதனிடும்போது குரோமியமும் சல்பேட்டுகளும் சேர்கின்றன. கழிவைத் தூய்மை செய்யாமல் விட்டதனால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது. இது பற்றித் தொடரப்பட்ட வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. பயிருக்கும் குடிநீருக்கும் நேர்ந்த கேட்டையே பலரும் பேசுகின்றனர், அது முறையே. கட்டடத்துக்கும் அதில் ஒரு செய்தி உண்டு. சல்பேட்டு சிமெண்டை அரிக்கும். குளோரைடு கான்கிரீட்டினுள் உள்ள இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே இப்பகுதியில் மண்ணின் வலிமையை மட்டும் சோதித்து, அதன் உப்பைச் சோதியாமல் விடுதல் பாதிச் சோதனையே. உப்பு மிகுதி என்று முன்னரே தெரிந்தால், அதனைத் தாங்கும் சிமெண்டைத் தேர்ந்துகொள்ளலாம். கம்பியின்மேல் கான்கிரீட்டுப் போர்வையையும் தடிப்பாக்கலாம்.

சோதனைக்குச் செலவாகுமே என்பர் சிலர். ஆகும். கட்டடம் முழுவதற்கும் ஆகும் தொகையில் அது ஒரு சிறு பங்கு. அதனை மிச்சப்படுத்தியவர் பின்னர் விரிசலை அடைப்பதற்கும் சுவரைத் தாங்குவதற்கும் அதனினும் மிகுதியாகக் கொடுக்க நேரும். சிலபோது உயிரையே கொடுக்க நேரும். பக்கத்து வீடு நிற்கிறதே, அதே கடைக்கால் போதும் என்பதும் பலர் கூறும் சமாதானம். பக்கத்து வீட்டின் அடியில் கிடக்கும் மண் உங்கள் வீட்டின் அடியிலும் கிடக்கிறது என்பதற்கு யார் பிணை?

மாணவர்களே, இதனை நீங்களே தொடங்கிப் பார்க்கலாம். உங்கள் ஊரில் மூன்று இடங்களிலிருந்து கைப்பிடி மண் எடுத்துவந்து, தனித்தனியே கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் சில நொடிகளில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மூன்று புட்டிகளும் மூன்று விதமாகப் படிந்திருப்பதைக் காண்பீர்கள். ஊரில் கிணறு வெட்டும் முதியவரிடம், எத்தனை அடிக்கு எந்த மண் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் நினைவில் உள்ள கணக்கு, துளையிடுவோர் எழுதும் குறிப்பின் மூத்த உடன்பிறப்பு.

அன்று ஒரு முழக் குழியில் தொடங்கிய வினா, இன்று பல மீட்டர் ஆழத்துக்குச் சென்றிருக்கிறது. நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள்; சிலர் ஒப்பந்தக்காரராவீர்கள்; பலர் உங்களுக்கென ஒரு வீடு கட்டுவீர்கள். எவராயினும், முதற்கல்லை வைக்கும்முன் மண்ணைக் கேளுங்கள். கட்டடத்தின் பாரம் எட்டும் ஆழம்வரை கேளுங்கள். காலம் மாறினால் மீண்டும் கேளுங்கள். மண் பொய் சொல்வதில்லை. கேளாதவரிடம் அது தானாக வந்து சொல்வதும் இல்லை.